கழுவும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்: சமையலறைக் கருவிகள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முதன்முறையாகத் தனியாகச் சமைக்கத் தொடங்குகிறேன். மரத் தாங்கியோடு 14 கத்திகள் கொண்ட செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பதினான்கில் பதினொன்று அந்தத் தாங்கியை விட்டு வெளியே வரப்போவதில்லை. வீட்டுச் சமையலுக்கு மூன்று கத்தி போதும்: சுமார் 20 செ.மீ. அலகுள்ள பெரிய கத்தி, 8 முதல் 10 செ.மீ. அலகுள்ள சின்னக் கத்தி, ரம்பப் பல் வைத்த ரொட்டிக் கத்தி. முக்கால்வாசி வேலையைச் செய்யப்போவது பெரிய கத்திதான். செட்டுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை அதிலேயே போடுங்கள். ரொட்டிக் கத்தி மலிவாக இருந்தாலும் பாதகமில்லை.

வாங்கும் முன் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடிப்பகுதியை இருபுறமும் கிள்ளிப் பிடிக்க, மற்ற மூன்று விரல்கள் கைப்பிடியைச் சுற்றட்டும். இந்தப் பிடியில் கத்தி முன்னால் தலைசாயவும் கூடாது, பின்னால் இழுக்கவும் கூடாது. அலகைப் பலகைமேல் வைத்து நறுக்குவதுபோல் ஆட்டிப் பாருங்கள். விரல் முட்டி பலகையில் இடித்தால் அலகின் அகலம் உங்கள் கைக்குப் போதவில்லை. கத்தியின் முதுகு மழமழவென்று இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக விடப்பட்ட முதுகு, அரை மணி நேரம் நறுக்கினால் ஆள்காட்டி விரலில் கொப்புளம் போட்டுவிடும். கைப்பிடியும் அலகும் சேருமிடத்தில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். ஈரமும் அழுக்கும் அங்கேதான் குடியேறும்.

விவரக் குறிப்பில் எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் எண் இருந்தால் கவனியுங்கள். 56 முதல் 58 வரை என்றால் சற்று மென்மையான எஃகு. கூர் சீக்கிரம் மடங்கும், ஆனால் மறுபடி கூராக்குவது சுலபம், அலட்சியத்தையும் பொறுத்துக்கொள்ளும். 60ஐத் தாண்டினால் கூர் நெடுநாள் நிற்கும். எலும்பிலோ உறைந்த உணவிலோ பட்டால் விளிம்பில் சில்லுப் பெயரும். முதல் கத்திக்கு முதல் வகையே நல்லது.

கேள்வி: நல்ல கத்தி என்று வாங்கியது மூன்றே மாதத்தில் மழுங்கிவிட்டது. கூடவே வந்த இரும்புக் கம்பியில் தினமும் தீட்டுகிறேன், பலனில்லை. கம்பி மோசமா, கத்தி மோசமா?

பதில்: இரண்டுமே மோசமில்லை. கம்பி செய்யாத வேலையை அதனிடம் எதிர்பார்க்கிறீர்கள். நறுக்க நறுக்கக் கத்தியின் விளிம்பு, கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒருபக்கமாக மடங்கும். கம்பி அந்த மடிப்பை நிமிர்த்தும், அவ்வளவுதான். விளிம்பே தேய்ந்து உருண்டுவிட்டால் எஃகைச் சுரண்டி எடுத்துப் புது விளிம்பு உண்டாக்க வேண்டும். அது சாணைக்கல்லின் வேலை.

1000 கிரிட் கல் ஒன்று போதும் (கிரிட் எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). சில்லுப் பெயர்ந்த கத்திக்கு 400 கிரிட் தேவைப்படும். 3000க்கு மேல் போவது ஆசைக்காக. நீரில் ஊறவைக்கும் வகைக் கல்லானால், குமிழி நிற்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறட்டும். ஊறத் தேவையில்லாத கல்லும் உண்டு. அதற்கு மேலே தண்ணீர் தெளித்தாலே போதும். கல் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி போடுங்கள்.

இனி கோணம். எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி என்று சொல்வார்கள். கையில் கோணமானி வைத்துக்கொண்டா தீட்ட முடியும்? அலகின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 45 மி.மீ. அகலக் கத்தியில், முதுகு கல்லிலிருந்து 12 மி.மீ. உயர்ந்தால் 15 டிகிரி, 15 மி.மீ. உயர்ந்தால் 20 டிகிரி. மென்மையான எஃகுக்கு 20, கடினமானதற்கு 15. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி, முதுகை அதன்மேல் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டால் கைக்கு நினைவு வந்துவிடும்.

விளிம்பு முன்னால் போகும்படி தள்ளி, அழுத்தமில்லாமல் பின்னால் இழுங்கள். அடிமுதல் நுனிவரை எல்லா இடமும் கல்லில் படவேண்டும். நுனிப் பக்கம் வளைவதால் அங்கே கைப்பிடியைச் சற்றே தூக்க வேண்டியிருக்கும். ஒரே பக்கத்தை விடாமல் தேய்த்தபின், மறுபக்கத்தில் கட்டைவிரலால் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, அலகுக்குக் குறுக்காக மெதுவாகத் தடவுங்கள். மெல்லிய பிசிறு ஒன்று சொரசொரவென்று விரலில் தட்டும். அந்தப் பிசிறு அலகின் முழு நீளத்துக்கும் எழும்வரை பக்கம் மாற்றாதீர்கள். எண்ணிக்கை வைத்துப் பத்துத் தடவை, இருபது தடவை என்று தேய்ப்பவர்கள் தோற்பது இதனால்தான்: எழாத பிசிறு, வராத கூர். எழுந்ததும் அடுத்த பக்கம் அதேபோல. பிறகு பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்து, அழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் கத்தியின் சொந்த எடையே போதும்.

பிசிறை எடுக்காமல் விட்டால் கத்தி அன்றைக்கு வெண்ணெயாக வெட்டும். இரண்டாம் நாள் பிசிறு மடங்கிப் பழைய கதையாகும். ‘சாணை பிடித்தும் நிற்கவில்லை’ என்ற புகாரில் பாதி இதுதான். தோல் பெல்ட்டிலோ மடித்த செய்தித்தாளிலோ விளிம்பு பின்னோக்கி வரும்படி பத்துத் தடவை இழுத்தால் மிச்சப் பிசிறும் போகும். தக்காளிமேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுங்கள். தோல் உடனே விட்டுக்கொடுத்தால் வேலை முடிந்தது.

மூன்று மாதத்தில் மழுங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: கண்ணாடி அல்லது கல் பலகையில் நறுக்குவது, நறுக்கியதை விளிம்பாலேயே வழித்து வாணலியில் தள்ளுவது (கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள்), மற்ற பாத்திரங்களோடு தொட்டியில் போடுவது. உள்ளே இழுத்தால் கூராகும் என்று விற்கும் பிளவுக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலுள்ள கடின உலோகத் தகடுகள் தேவைக்கு மேல் எஃகைச் சீவி எடுத்துவிடும். மலிவுக் கத்திக்குச் சரி, நல்ல கத்திக்கு வேண்டாம்.

கேள்வி: வெட்டும் பலகை மரமா, பிளாஸ்டிக்கா?

பதில்: இரண்டும். பச்சை இறைச்சி, மீனுக்குப் பிளாஸ்டிக். சுடுநீரில் கழுவலாம், பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடலாம், கீறல் ஆழமானால் தூக்கி எறியலாம். மற்றவற்றுக்கு மரம். பலகையின் நீளம் உங்கள் பெரிய கத்தியைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும். மரத்துக்கு எண்ணெய் பூசும்போது சமையல் எண்ணெயை எடுக்காதீர்கள். நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். உணவுத் தரக் கனிம எண்ணெய்தான் பொருத்தம்.

கேள்வி: எவர்சில்வர் வாணலியின் அடியில் 18/10 என்று பொறித்திருக்கிறது. 18/8ஐவிட இது உயர்வு என்றார் கடைக்காரர். ஆனால் முட்டை போட்டால் பசை மாதிரி ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அந்த எண்களுக்கும் ஒட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. 18 என்பது குரோமியத்தின் சதவீதம், அடுத்தது நிக்கலின் சதவீதம். துருவை எதிர்ப்பதும் பளபளப்பும்தான் அவற்றின் பொறுப்பு. வீட்டுப் பயன்பாட்டில் 8க்கும் 10க்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

எவர்சில்வரின் உண்மையான குறை வேறு. அது வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். அலுமினியம் அதைவிடச் சுமார் பதினைந்து மடங்கு வேகம். அதனால் ஒற்றைத் தகட்டு எவர்சில்வரில், தீ படும் வட்டத்தில் கருகும்போது ஓரத்தில் வேகாமல் கிடக்கும். இதற்குத்தான் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்த மூவடுக்குப் பாத்திரங்கள். அவற்றிலும் இரண்டு வகை. ஒன்றில் அலுமினியம் அடியில் மட்டும் வட்டத் தட்டாக ஒட்டியிருக்கும்; மற்றதில் விளிம்புவரை ஏறியிருக்கும். தண்ணீர் கொதிக்கவைக்க, வேகவைக்க முதல் வகை தாராளமாகப் போதும். வதக்க, வறுக்க, குழம்பைச் சுண்டவைக்க இரண்டாவதை வாங்குங்கள். மொத்தத் தடிமன் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் கையோடு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். அடியில் ‘டக்’கென்று பிடிக்க வேண்டும், தயங்கித் தயங்கிப் பிடித்தால் சமைக்கும்போதும் தயங்கும்.

முட்டை விஷயத்துக்கு வருவோம். குளிர்ந்த வாணலியில் முட்டையை ஊற்றினால், சூடேறும்போதே புரதம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். வெறும் வாணலியை நடுத்தரத் தீயில் வைத்து, இரண்டு நிமிடம் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ‘ஸ்ஸ்’ என்று ஆவியானால் சூடு போதாது. பல சிறு துளிகளாகச் சிதறினாலும் போதாது. ஒரே முத்தாகத் திரண்டு, பாதரசம்போல் வழுக்கி ஓடவேண்டும். துளிக்கு அடியில் உண்டாகும் ஆவிப் படலம்தான் அதைத் தாங்கி ஓட்டுகிறது. அந்த முத்தைத் துடைத்துவிட்டு, தீயைக் குறைத்து, எண்ணெய் விட்டுச் சுழற்றி, அரை நிமிடம் பொறுத்து முட்டையை ஊற்றுங்கள். உடனே கரண்டியை விடாதீர்கள். அடிப்பக்கம் உறைந்ததும் தானே விடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்த முட்டையை அறை வெப்பத்துக்கு வரவிட்டால் இன்னும் சுலபம். இவ்வளவும் செய்தபிறகும் முட்டைக்கு நான்ஸ்டிக்தான் வசதி என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அந்த நான்ஸ்டிக்கைப் பற்றித்தான் கேட்க வந்தேன். பூச்சு உரிந்து வயிற்றுக்குள் போனால் விஷமா?

பதில்: உரிந்த துணுக்கு வயிற்றில் எதனோடும் வினை புரியாமல் அப்படியே வெளியேறிவிடும். பயப்பட வேண்டியது அதிக வெப்பத்துக்கு. 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பி.டி.எஃப்.இ. என்ற பொருள்தான் இந்தப் பூச்சு. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். இன்னும் ஏறினால் வரும் புகை மனிதருக்குக் காய்ச்சல் மாதிரி உபாதை தரும், கூண்டில் வளர்க்கும் பறவைகளைக் கொன்றேவிடும். வெறும் வாணலியைப் பெருந்தீயில் வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போனால், சில நிமிடங்களிலேயே அந்த வெப்பம் வந்துவிடும். ஆகவே நான்ஸ்டிக்கில் எண்ணெய் விட்டபிறகே தீ, அதுவும் நடுத்தரம் வரைதான். முன்சொன்ன தண்ணீர் முத்துச் சோதனை இதற்குப் பொருந்தாது.

‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது’ என்ற முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அது பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட துணைப்பொருள். முன்னணித் தயாரிப்பாளர்கள் 2015க்குள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ‘செராமிக்’ நான்ஸ்டிக் வேறு சாதி, மணல் வகைக் கனிமப் பூச்சு. அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் வழுக்கும் குணம் சீக்கிரம் போய்விடும். எந்த வகையானாலும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள்தான். விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம். அடி தட்டையாக, கனமாக, கைப்பிடி ஆடாமல் இருந்தால் போதும்.

கேள்வி: வார்ப்பிரும்பு வாணலிக்கு எண்ணெய் பூசிப் பதப்படுத்தினேன். இப்போது கருப்புத் தேன் தடவியதுபோல் பிசுபிசுக்கிறது.

பதில்: எண்ணெய் அதிகம், அல்லது சூடு குறைவு. பதம் என்பது எண்ணெய் காய்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி உருவாகும் கெட்டிப் படலம். தடியாகப் பூசினால் மேலே மட்டும் தோல் கட்டி, உள்ளே கோந்தாகிவிடும். பிசுக்கு லேசாக இருந்தால் வாணலியை ஓவனில் 230 டிகிரியில் கவிழ்த்து ஒரு மணி நேரம் வையுங்கள், கெட்டிப்பட்டுவிடும். தடித்துத் திட்டுத் திட்டாக இருந்தால் இரும்பு நாரால் தேய்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்: கழுவி, தீயில் காட்டி ஈரம் போக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயை உள்ளும் புறமும் தடவி, பிறகு தப்பாகப் பூசிவிட்டதுபோல் முழுவதையும் துணியால் துடைத்தெடுங்கள். துடைத்தபிறகு தங்கும் படலம்தான் தேவையான அளவு. அதே சூட்டில் ஒரு மணி நேரம்; ஓவனிலேயே ஆறட்டும். மூன்று முறை செய்தால் போதும்.

சோப்பு போடக்கூடாது என்பது பழங்கதை. கொஞ்சம் போடலாம். ஊறத்தான் வைக்கக் கூடாது. புளிப்பான பொருளை அதில் நீண்ட நேரம் கொதிக்க விட்டால் பதமும் கரையும், உணவிலும் இரும்பு ருசி ஏறும்.

கேள்வி: பிரஷர் குக்கரில் விசில் வராமல் மூடியின் ஓரத்தில் ஆவி போகிறது. குக்கரை மாற்ற வேண்டுமா?

பதில்: பத்தில் ஒன்பது குக்கருக்குப் புது கேஸ்கட் போட்டால் சரியாகிவிடும். கேஸ்கட்டைக் கழற்றி விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ, விறைத்திருந்தாலோ, மூடியின் பள்ளத்தில் போட்டால் தளர்ந்து தொங்கினாலோ மாற்றுங்கள். அதே தயாரிப்பாளர், அதே கொள்ளளவு, அதே மாதிரி என்று மூன்றும் பொருந்த வேண்டும். கேஸ்கட் நன்றாக இருந்தும் ஒழுகினால், பாத்திரத்தின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கீழே விழுந்து நெளிந்த இடமோ, கரண்டியை ஓரத்தில் தட்டித் தட்டி உண்டான பள்ளமோ தட்டுப்படும். நெளிந்த விளிம்பை வீட்டில் சுத்தியல் கொண்டு சரிசெய்ய முயலாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் ஆவிக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஐந்து வினாடி வேலை. வெயிட் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை ஆவியை அடக்குவதால்தான் உள்ளே தண்ணீர் சுமார் 121 டிகிரிக்குப் போகிறது. துளை அடைத்தால் அந்த அழுத்தத்துக்கு வேறு வழி தேவைப்படும். நுரைக்கும் பொருளும் ஊதிப் பெருகும் பருப்பு, பயறு வகைகளும் பாதிக்கு மேல் கூடாது. மற்றவை மூன்றில் இரண்டு பங்கு. துளை அடைவது பெரும்பாலும் இந்த அளவை மீறும்போதுதான். பாதுகாப்பு வால்வு ஒருமுறை உருகிவிட்டால், அதே நிறுவனத்தின் அசல் வால்வைத்தான் போட வேண்டும்.

கேள்வி: டிஜிட்டல் தராசில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் எண் நகரவே மாட்டேன் என்கிறது. திடீரென்று 4 கிராம் காட்டுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. தராசு அதிபுத்திசாலியாக இருப்பதன் விளைவு. சூடு, காற்று, ஈரம் இவற்றால் எண் தானாக நகர்ந்துகொண்டிருக்காமல் இருக்க, மிகச் சிறிய மாற்றங்களைத் தராசு அலைச்சல் என்று எண்ணிச் சுழியத்துக்கே திருப்பிவிடும். நீங்கள் மெல்லத் தூவும் உப்பும் அதற்கு அலைச்சல்தான். உப்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஒரேயடியாகக் கொட்டுங்கள். அல்லது தூவியபின் பாத்திரத்தைத் தூக்கி மறுபடி வையுங்கள்.

1 கிராம் நுட்பமுள்ள தராசில் 3 கிராம் ஈஸ்ட் எடுத்தால், ஒரு கிராம் கூடக் குறைய இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு பிழை. 10 கிராமுக்குக் கீழே அடிக்கடி அளப்பவர்கள் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பெரிய தராசுக்கு 5 கிலோ கொள்ளளவு இருக்கட்டும். பாத்திரத்தின் எடையும் அந்த 5 கிலோவில் அடக்கம். தானாக அணையும் நேரம் எவ்வளவு என்று வாங்கும்போதே கேளுங்கள். மாவு அளந்துகொண்டிருக்கும்போது பாதியில் அணைந்து, முந்தைய கணக்கை மறந்துவிடும் தராசைவிட எரிச்சலூட்டும் பொருள் சமையலறையில் குறைவு.

கேள்வி: மிக்ஸி எத்தனை வாட் வாங்கலாம்?

பதில்: வாட் என்பது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அரைத்துத் தருவதன் அளவு ஆகாது. 750 வாட் மிக்ஸி 1000 வாட் மிக்ஸியைவிட நைசாக அரைப்பதும் உண்டு. கத்தியின் வடிவம், ஜாரின் அடி வளைவு, கத்திக்கும் அடிக்கும் உள்ள இடைவெளி ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஜாரைப் பொருத்திக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. உதிரி ஜாரும், அடியிலுள்ள ரப்பர் இணைப்பும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். அந்த ரப்பர்தான் முதலில் தேயும்.

அரைக்கப் போட்டது மேலே அப்படியே நிற்க, கத்தி மட்டும் வெறுமனே சுற்றினால் கத்தியைச் சுற்றிக் காற்றுப்பை உண்டாகிவிட்டது. வேகத்தைக் கூட்டினால் காற்றுப்பை பெரிதாகும். நிறுத்தி, வழித்துவிட்டு, இரண்டு கரண்டி தண்ணீர் சேர்த்துக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். சூடான திரவத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடியில் ஆவி போக வழி இருக்கட்டும். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றுவிட்டால் பல மாடல்களில் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்திப் பாருங்கள், பழுது பார்க்கும் கடைக்குப் பிறகு போகலாம்.

கேள்வி: தோழிக்குப் பரிசளிக்க, உபயோகமாகவும் விளையாட்டாகவும் இருக்கும் சமையலறைச் சாதனங்கள் சொல்லுங்கள். வாழைப்பழம் நறுக்குவதற்கென்றே ஒன்று பார்த்தேன்!

பதில்: வாழைப்பழத்துக்குப் பழம் தின்னும் வாயே போதும். இந்த மாதிரிச் சாதனங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: மிச்சமாகும் நேரத்திலிருந்து கழுவித் துடைத்து எடுத்துவைக்கும் நேரத்தைக் கழியுங்கள். மிச்சம் கையில் நின்றால் வாங்கலாம். வேடிக்கைக்காக வாங்குவதும் தப்பில்லை. அதை வேடிக்கை என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

கயிறு இழுக்கும் சாப்பர் இந்தக் கணக்கில் சுலபமாகத் தேறும். வெங்காயத்தை நான்காக வெட்டி, பாதிக் கிண்ணம் வரை மட்டும் போட்டு, ஆறேழு இழுப்பில் நிறுத்துங்கள். அதற்குமேல் இழுத்தால் வெங்காயம் தண்ணீர் விட்டுக் கூழாகும். மூடியை நீரில் முக்காதீர்கள், உள்ளே கயிற்றுச் சுருளும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. கீரை உலர்த்தும் சுழல் கூடை, பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தாலும் காரியக்காரன்; ஈரம் போன இலையில்தான் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஒட்டும். பூண்டு நசுக்கி வாங்குவதானால் துளைகளைச் சுத்தம் செய்யும் பற்களும் சேர்ந்து வருவதாகப் பாருங்கள். நசுக்கிய பூண்டு நறுக்கியதைவிடக் காரமாக இருக்கும், செல்கள் அதிகம் உடைவதால். அளவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முட்டை அறுக்கும் கம்பி, காளானுக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் ஆகும். கேரட்டை வைத்தால் கம்பி அறும். காய்களை நூடுல்ஸ்போல் சுற்றித் தரும் திருகு துருவி குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொண்டாட்டம், மற்ற வீடுகளில் அலமாரிக்குக் கொண்டாட்டம்.

பரிசு என்றதும் நான் முதலில் சொல்லும் பொருள் அரம்போன்ற மெல்லிய துருவிதான். மர வேலைக்கு என்று செய்த அரம் 1990களில் சமையலறைக்குள் நுழைந்து இந்த உருவம் எடுத்தது. சாதாரணத் துருவியின் துளைகள் நசுக்கிக் கிழிக்கும். இதன் பற்கள் சின்னச் சின்ன உளிபோல் சீவும். எலுமிச்சைத் தோலின் மஞ்சள் மட்டும் வந்து, கசக்கும் வெள்ளைப் பகுதி பழத்திலேயே தங்கிவிடும். கழுவும்போது பற்கள் சாய்ந்திருக்கும் திசையிலேயே துடைக்க வேண்டும், எதிர்த்திசையில் போனால் பஞ்சும் தோலும் மாட்டும்.

வேண்டாதது ஒன்றும் உண்டு: பாதுகாப்புப் பிடி இல்லாத சீவல் பலகை. காய் கடைசி இரண்டு செ.மீ. ஆகும்போது ‘இன்னும் ஒரே ஒரு சீவல்’ என்று தோன்றும், விரல் நுனி போவது அப்போதுதான். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வெட்டுத் தாங்கும் கையுறையையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: ஏர் ஃப்ரையரில் எண்ணெய் இல்லாமல் பொரிக்க முடியுமா? முறுமுறுப்பே வரவில்லை.

பதில்: அதில் நடப்பது பொரிப்பதே இல்லை. 2010இல் ஃபிலிப்ஸ் இந்தப் பெயரில் கொண்டுவந்தது, மின்விசிறி வைத்த சிறிய ஓவன். வேகமாகச் சுழலும் வெப்பக்காற்று மேற்பரப்பின் ஈரத்தை விரட்டுவதால்தான் முறுமுறுப்பு. கூடையை நிரப்பினால் காற்று போக வழியின்றி உணவு ஆவியிலேயே வேகும். உங்களுக்கு நடந்தது அநேகமாக அதுதான். ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள், பாதி நேரத்தில் குலுக்குங்கள். உருளைக்கிழங்கு என்றால் நறுக்கி அரை மணி ஊறவைத்து, துணியால் ஒற்றி, அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் புரட்டிப் போடுங்கள். தண்ணியான மாவில் தோய்த்தது எதுவும் இதில் தேறாது. மாவு கெட்டியாகும் முன் வழிந்துவிடும். சூடேற்றும்போது வெறும் காகிதத்தை உள்ளே விடாதீர்கள், காற்று தூக்கிப்போய்க் கம்பிச்சுருளில் ஒட்டித் தீப்பற்றும். காகிதத்தின் மேல் எப்போதும் உணவின் கனம் இருக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு விரல் மூட்டு வலி. தோல் சீவும்போது கை நோகிறது என்கிறார். ஏதாவது மாற்றுக் கருவி உண்டா?

பதில்: இரண்டு வழி. ஒன்று, கைப்பிடியை மாற்றுவது. மூட்டு வாதம் இருந்த தம் மனைவி தோல் சீவப் படும் சிரமத்தைப் பார்த்து, சாம் ஃபார்பர் என்பவர் தடித்த ரப்பர் பிடி போட்ட சீவியை 1990இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆக்ஸோ என்ற பெயரில் வந்த அதைப் பின்பற்றி இன்று எல்லா நிறுவனமும் தடித்த பிடி செய்கிறது. விரல்கள் முழுதாக மடங்காமலே பிடிக்க முடிகிற தடிமனைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, அலகு குறுக்காக அமைந்த கவண் வடிவச் சீவி. 1947இல் சுவிட்சர்லாந்தில் ஆல்ஃப்ரெட் நெவெசெர்சால் காப்புரிமை பெற்ற ரெக்ஸ் இந்த வகையின் மூதாதை. பேனா பிடிப்பதுபோல் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் போதும், மணிக்கட்டு திரும்பத் தேவையில்லை. அம்மாவை இரண்டையும் பிடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அதோடு சீவியின் அலகும் மழுங்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வருடக்கணக்கில் ஓடிய சீவியைத்தான் இன்னும் அழுத்தி அழுத்திச் சீவிக்கொண்டிருப்போம். பழையதை மாற்றினாலே வலி பாதி குறையலாம்.

கேள்வி: சமையல் தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். ஒரு டம்ளரில் தட்டிய ஐஸை விளிம்புவரை நிரப்பி, இடுக்குகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, இரண்டு நிமிடம் விடுங்கள். ஊசி முனை ஐஸின் நடுவில், பக்கச் சுவரில் படாமல் இருக்கட்டும். 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் பரவாயில்லை. ஐஸ் குறைந்து தண்ணீர் அதிகமானால் 2, 3 டிகிரி காட்டும், குற்றம் தெர்மாமீட்டருடையது அல்ல. கொதிநீரில் சோதிப்பவர்கள் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்: கடல் மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும்.

கோழிக்கறியில் குத்தும்போது தடித்த பகுதியின் நடுவில், எலும்பில் படாமல் குத்துங்கள். 74 டிகிரி வந்தால் இறக்கலாம். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வகை மேற்பரப்பை மட்டுமே அளக்கும், அதிலும் பளபளக்கும் எவர்சில்வரை நோக்கிப் பிடித்தால் உண்மையைவிட மிகக் குறைத்துக் காட்டும். வாணலியில் ஒரு படலம் எண்ணெய் விட்டு அதன்மேல் பிடியுங்கள்.

கேள்வி: சிலிக்கான் கரண்டியில் எவ்வளவு கழுவினாலும் ஒரு வாடை போகமாட்டேன் என்கிறது.

பதில்: முதலில் தலையைக் கைப்பிடியிலிருந்து இழுத்துப் பாருங்கள், கழன்று வருகிறதா? வந்தால் அந்தக் குழிக்குள் எட்டிப் பாருங்கள், வாடையின் ஊற்றுக்கண் அங்கேதான் இருக்கும். கழுவி, இரண்டையும் தனித்தனியே காயவைத்துப் பிறகு பொருத்துங்கள். ஒரே வார்ப்பான கரண்டி என்றால், சிலிக்கான் உள்ளிழுத்துக்கொண்ட எண்ணெயும் வாசனையும்தான் காரணம். ஓவனில் 120 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தெடுங்கள். கைப்பிடியிலும் மரமோ பிளாஸ்டிக்கோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு வையுங்கள்.